பீரோவுக்குள் இருந்த ஆல்பம்

"இந்த வருஷம் அந்தப் படம் வரல அக்கா" என்று ஒரு மளிகைக்கடை அக்காவிடம் பொய் சொன்னேன். சொன்ன நேரத்தில் அந்தப் படம் என் கடை பீரோவுக்குள், சிவகாசியிலிருந்து வந்திருந்த காலண்டர் ஆல்பத்தில் 31-வது அட்டையாக இருந்தது. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஒரு காலண்டருக்கு 9 ரூபாய் கூடுதலாக நிற்கும் என்பதற்காகத் தெரிந்தேதான் சொன்னேன்.

புதுச்சேரிப் பக்கம் அபிஷேகப்பாக்கத்தில் எனக்கு ஒரு சின்ன கடை. ஜெராக்ஸ், டைப்பிங், கல்யாணப் பத்திரிகை, ஆடி முதல் கார்த்திகை வரை காலண்டர் ஆர்டர். காலண்டர் ஆர்டர் பிடிப்பது அப்பாவிடமிருந்து வந்த வேலை. ஆல்பத்தைச் சைக்கிள் கேரியரில் வைத்துப் பழைய டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவார். தவளக்குப்பம், திம்மநாயக்கன்பாளையம், ஏம்பலம், கரிக்கலாம்பாக்கம், பாகூர் என்று ஒரு சுற்று. அரிசி மண்டி, உரக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, டீக்கடை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆயிரம் காலண்டர் போடுகிறவர் முன்னாலும் ஐம்பது போடுகிறவர் முன்னாலும் அதே ஆல்பத்தை முதல் அட்டையிலிருந்து விரிப்பார்.

காலண்டர் ஆல்பம் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: வருகிற ஆண்டுக்கு அச்சாகப்போகும் தினசரி, மாத காலண்டர்களின் மாதிரி அட்டைகள் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டு ஒன்றாகச் சேர்த்த கனத்த புத்தகம். முருகன், பிள்ளையார், பெருமாள், வேளாங்கண்ணி மாதா, மெக்கா, ரோஜாப்பூ, அருவி, சிரிக்கிற குழந்தை எல்லாம் அதில் இருக்கும். கூடவே விலைப்பட்டியல் தனித்தாளாக வரும். ஒவ்வோர் ஆண்டும் ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான ஆல்பத்தை வெளியிடுவார்கள். காவிரிக் கரையில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் அதே நாளில், காவிரி எட்டாத அந்தக் கரிசல் பூமியில் அடுத்த வருடத்தின் தேதிகள் விற்பனைக்கு வரும். எத்தனையோ தொழில் கணினிக்குள் போய்விட்டது. ஆடி 18-ல் ஆல்பம் வெளியிடும் வழக்கம் மட்டும் இன்றும் தொடர்கிறது.

அந்த ஊருக்கு அச்சு வந்த கதையும் இப்படி ஒரு கைப்பொருளில்தான் தொடங்குகிறது. 1922-ல் அய்யநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று அச்சகங்கள் பெருகின. லேபிள் அச்சடித்த இயந்திரத்தில் சாமி படமும் காலண்டரும் வந்தன. கோவில்பட்டியில் இருந்த சி. கொண்டையராஜு நாடகங்களுக்குத் திரை வரைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள்தான் சிவகாசி அச்சேறி ஊர் ஊராகச் சுவரில் ஏறின. 1976-ல் அவர் காலமானார். அவர் கொடுத்த லட்சுமியின் முகத்தையும் சரஸ்வதியின் முகத்தையும்தான் நம்மில் பலர் கண்ணை மூடினால் காண்கிறோம்.

அப்பா 2009-ல் ஆல்பத்தை என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "கடையில வச்சிட்டு வந்துடு. ராத்திரி வீட்ல எல்லாரும் பார்க்கட்டும். காலைல போய் வாங்கிக்கலாம்." எனக்கு அது நேர விரயமாகப் பட்டது. ஒரு நாளைக்கு ஒரு கடைதானே முடியும்? ஆனாலும் பத்து வருடம் அவர் சொன்னபடிதான் செய்தேன்.

2020-ல் கொரோனா வந்தது. ஒருவர் தொட்ட அட்டையை இன்னொருவர் தொட அஞ்சினார்கள். ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசல் ஏற முடியாது. வேறு வழியில்லாமல் எல்லாப் படங்களையும் பி.டி.எஃப். கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் தப்பு ஏதும் இல்லை. ஆர்டரும் வந்தது, பெட்ரோலும் மிச்சம்.

தப்பு அதற்கு அடுத்த வருடம் தொடங்கியது. கோப்பு பெரிதாக இருக்கிறது, போன் திணறுகிறது என்று சிலர் சொன்னார்கள். சரி என்று ஒவ்வொருவருக்கும் தோதான படங்களை மட்டும் பிரித்து அனுப்பினேன். உரக்கடைக்கு வயல், பேக்கரிக்குக் குழந்தை, பாய் கடைக்கு மசூதி. அவர்களுக்கு வேலை மிச்சம் என்றுதான் முதலில் செய்தேன். பிறகு என் கை மெல்ல வேறு பக்கம் சாய்ந்தது. பெரிய அளவு அட்டை, தங்கநிறத் தகடு ஒட்டியது, ஓரம் வளைத்து வெட்டியது ஆகியவற்றில் எனக்கு அதிகம் நிற்கும். சின்ன அட்டையில் ஒன்றும் தேறாது. ஒரே படத்தில் பல கடைகளின் ஆர்டரைச் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது. அதனால் எனக்கு லாபமான படங்கள் எல்லோருடைய போனுக்கும் போயின. லாபமில்லாதவை யாருடைய போனுக்கும் போகவில்லை. 2022-ல் 84 படங்கள் இருந்த ஆல்பத்திலிருந்து நான் அந்த அக்காவுக்கு அனுப்பியது 14.

அந்த வருடம் அப்பாவுடைய பழைய ஆல்பங்களையும் எடைக்குப் போட்டிருந்தேன். லேமினேஷன் மெஷின் வைக்க இடம் வேண்டியிருந்தது. ஒவ்வோர் அட்டையின் பின்புறத்திலும் அப்பா பென்சிலால் எழுதி வைத்திருப்பார். எந்தக் கடை, எத்தனை, எந்த வருடம். சில இடத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: "வீட்டுக்காரம்மாவைக் கேட்டுப் போடவும்." "பச்சை வேண்டாம்." பழைய பேப்பர்க்காரர் தராசில் வைக்கும்போது ஓர் அட்டை நழுவி விழுந்தது. பின்பக்கம் அப்பாவின் எழுத்து. எடுத்துப் பார்த்துவிட்டு நானே மறுபடி கட்டுக்குள் செருகினேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அக்காவின் கடை தவளக்குப்பம் போகிற சாலையில் இருக்கிறது. வருடம் 200 தினசரி காலண்டர் போடுவார். வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாகக் கடை நடத்துகிறவர். அன்று முதல் ஒரே படம்தான்: தாயாரை மடியில் வைத்துச் சாந்தமாக அமர்ந்திருக்கும் லட்சுமி நரசிம்மர். எங்கள் ஊரை ஒட்டிய சிங்கிரிகுடி கோயிலில் நரசிம்மர் பதினாறு கைகளோடு உக்கிரமாக இருக்கிறார். சிங்கிரிகுடி, பூவரசன்குப்பம், பரிக்கல் மூன்றையும் ஒரே நாளில் சேவித்தால் நல்லது என்று வெளியூரிலிருந்தெல்லாம் வேன் வைத்துக்கொண்டு வருவார்கள். ஒருமுறை நான் கேட்டேன், "கோயில்ல இருக்கிற மாதிரி உக்கிரப் படம் பார்க்கட்டுமா அக்கா?" அவர் சொன்னார்: "வேணாம் தம்பி. கோயில்ல அவரு எப்படி வேணா இருக்கட்டும். கடைக்கு வர்றவங்க வீட்டுக்குச் சாந்தமாத்தான் போகணும்."

அப்படிப்பட்டவர் 2022 ஆவணியில் 14 படங்களைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "நம்ம நரசிம்மர் இருக்குதா பாரு தம்பி." அந்தப் படம் அந்த வருடம் சின்ன அட்டையில் மட்டும் வந்திருந்தது. நான் யோசிக்கக்கூட இல்லை. "இந்த வருஷம் அந்தப் படம் வரல அக்கா."

"வரலியா?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, நீயே பார்த்து நல்லதா ஒண்ணு போட்டுடு."

நல்லதாக ஒன்று போட்டேன், எனக்கு நல்லதாக. 9 ரூபாய் வீதம் 200-க்கு 1,800 ரூபாய்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். தாளை வாங்கி மடித்துக்கொண்டே கேட்டார். "தவளக்குப்பத்துல மருந்துக்கடையில நம்ம சாமி மாட்டியிருக்காங்க தம்பி. இந்த வருஷத்துதுதான். வரலன்னியே?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாருமில்லை. நான் சொன்னது: "அது வேற கம்பெனி அக்கா."

"அப்படியா" என்றார். இரண்டு ரூபாயை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். முதல் பொய்யைப் பணத்துக்காகச் சொன்னேன் என்றாவது கணக்குக் காட்டலாம். இரண்டாவதை எதற்குச் சொன்னேன்? மாட்டிக்கொள்ளாமல் இருக்க. அதற்காக இல்லாத ஒரு கம்பெனியை ஓர் அம்மாவின் முகத்துக்கு நேரே உண்டாக்கினேன்.

அன்றைக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடவில்லை. பத்து வருடம் ஆல்பம் தூக்கியபோது இப்படி ஒரு பொய் என் வாயில் ஏன் வரவில்லை? அப்போது நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அப்போதும் எனக்குப் பணம் தேவைப்பட்டது. ஆனால் ஆல்பம் இருந்தது வாங்குகிறவர் மடியில். 31-வது அட்டையை அவர் கையே புரட்டியிருக்கும். அங்கே "வரல" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. படங்கள் போனுக்குப் போனபோது எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பது என் விரலுக்கு வந்துவிட்டது. அந்த அதிகாரம் கைக்கு வந்ததும் நான் எப்படி நடந்துகொள்வேன் என்பது தெரிந்துபோயிற்று.

ஆல்பத்தை அவர்கள் பார்க்கும் விதத்தை நான் எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கண்டிருக்கிறேன். மளிகைக்கடையில் தராசைத் தள்ளிவிட்டு ஆல்பத்தை விரித்தால் நாலு தலை ஒன்றாகக் குனியும். சாமான் வாங்க வந்தவர் பையைக் கீழே வைத்துவிட்டு "இது நல்லாருக்குதே" என்று விரல் வைப்பார். பள்ளிவிட்டு வந்த பிள்ளை குழந்தைப் படத்திடம் போய் நிற்கும். கடைக்காரர் அட்டையைக் கொஞ்சம் வளைத்துப் பார்ப்பார், ஆணியில் தொங்கினால் மார்கழிவரை தாங்குமா என்று. பார்வை மங்கிய பெரியவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார்கள். தங்கநிறத் தகடு அப்போதுதான் மின்னும். போன் திரையில் அது வெறும் மஞ்சளாகத் தெரியும். திரை தன் வெளிச்சத்தில் படத்தைக் காட்டுகிறது. தாளோ நம் வீட்டு வெளிச்சத்தை வாங்கித்தான் நிறம் காட்டும். போனில் பளீரென்று இருந்த சிவப்பு, நான்கு மையில் அச்சாகி வந்து கடைச் சுவரில் தொங்கும்போது அடங்கிப்போயிருக்கும். "நீ அனுப்பினது இது இல்லியே" என்று அந்த மூன்று வருடமும் நான் கேட்ட பேச்சு, ஆல்பம் இருந்த காலத்தில் ஒருவரும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் உண்டு. அவருக்குப் படம் பொருட்டே இல்லை. தேதித்தாள் மாதிரியைக் கேட்டு வாங்கி ஆகஸ்ட் 16-ஐயும் நவம்பர் 1-ஐயும் பார்ப்பார். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16-ல் அது சட்டப்படி உறுதியானது. புதுச்சேரிக்காரனுக்கு இரண்டும் சொந்த நாள். ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கிற தாளில் இவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஆர்டர் எழுதச் சொல்வார். நான் அனுப்பிய படங்களில் தேதித்தாளே கிடையாது. அவர் என்னிடம் ஆர்டர் கொடுப்பதை நிறுத்திவிட்டார். ஏனென்று கேட்கக்கூட நான் போகவில்லை.

கல்யாணப் பத்திரிகையிலும் இதே கதைதான். மாதிரி அட்டைகளை எடுத்ததும் வீட்டுப் பெண்கள் மூலையைக் கட்டைவிரலால் தேய்ப்பார்கள். பத்திரிகையின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவ வேண்டுமே. வழவழப்பு அதிகமான அட்டையில் மஞ்சள் நிற்காது, வழிந்துவிடும். அந்த ஒரு தேய்ப்பில் தெரிவதை எந்தக் கோப்பிலும் அனுப்ப முடியாது. தையல்காரர் கடையில் ரவிக்கை டிசைன் புத்தகம் ஓரம் கிழிந்தும் மேசையில் கிடப்பதற்கும், பட்டறையில் கிரில் கேட் ஆல்பம் எண்ணெய்க் கறையோடு தொங்குவதற்கும் இப்படி ஏதோ ஒரு காரணம் இருக்கிறது.

வெளியுலகத்தைப் பார்த்து நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கம்பெனி தலைமுறை தலைமுறையாக வீடுகளுக்கு அனுப்பிய பெரிய விலைப்பட்டியல் புத்தகத்தை 1993-லேயே நிறுத்தியது. 1951 முதல் அச்சான ஐகியா மரச்சாமான் பட்டியல், 2016-ல் 20 கோடிப் பிரதி போனது. 2020 டிசம்பரில் அதையும் நிறுத்துவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பெரியவர்களே விட்டுவிட்டார்கள், நான் எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஆனால் முழுக்க முழுக்க இணையத்திலேயே வளர்ந்த அமேசான் 2018-ல் பொம்மைகளுக்கென்று ஒரு பட்டியலைத் தாளில் அச்சடித்து வீடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு பக்கம் புரட்டி, பிடித்ததை வட்டம் போடட்டும் என்றுதான். அவர்கள் அச்சடிப்பதும் நிறுத்துவதும் அவர்களுடைய கணக்கு. என் கணக்கில் ஆல்பம் ஒழிந்துபோகவில்லை. ஆடி 18 தவறாமல் வந்தது. நான்தான் அதை பீரோவில் பூட்டினேன்.

போன் பொல்லாதது என்று சொல்ல வரவில்லை. 84 படத்தையும் விலையோடு அனுப்பியிருந்தால் போனிலும் நேர்மையாக வியாபாரம் செய்திருக்கலாம். அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் முடியவில்லை. என்னைப் போன்ற ஆளுக்கு, மறைக்க முடியாத ஒரு பொருள் நடுவில் இருக்க வேண்டியிருக்கிறது. அப்பா "ராத்திரி வச்சிட்டு வந்துடு" என்று சொன்னதற்கு எனக்கு இப்போது ஓர் அர்த்தம் படுகிறது. விற்கிறவன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர்கள் பார்க்க வேண்டும். நம் கண் எந்த அட்டையின் மேல் விழுகிறது என்பதைப் பார்த்துக்கூட அவர்கள் மனம் மாறக் கூடாது.

2023 ஆடிப்பெருக்கு முடிந்து ஆல்பம் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். மதியம், கடையில் ஆளில்லாத நேரம். நின்றபடியே சொன்னேன். படம் வந்திருந்தது, ஒன்பது ரூபாய்க்காக மறைத்தேன், வேற கம்பெனி என்று சொன்னதும் பொய். 1,800 ரூபாயையும் கொண்டுபோயிருந்தேன். வேண்டாம் என்று சொல்வார் என எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவர் பணத்தை வாங்கி எண்ணினார், கல்லாவில் போட்டார். என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"ஆல்பத்த வச்சிட்டுப் போ. நாளைக்கு வந்து எடுத்துக்க" என்றார். நான் திரும்பியபோது, "வெலப் பட்டியலையும் வை" என்றார்.

அப்பா காலத்திலும் என் பத்து வருடத்திலும் அந்தக் கடையில் யாரும் விலைப்பட்டியலைக் கேட்டதில்லை. நாங்கள் சொல்வதுதான் விலை. அது எங்களுக்கு அனுப்பும் பட்டியல். எனக்கு என்ன நிற்கும் என்பதும் அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு நிமிடம் தயங்கினேன், மறைக்கவில்லை. பிறகு பையிலிருந்து எடுத்து ஆல்பத்தின் மேல் வைத்தேன்.

மறுநாள் காலை போனேன். ஆல்பம் தராசுப் பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்தது. உள்ளே மூன்று அட்டைகளில் அடையாளத்துக்குத் தீக்குச்சி வைத்திருந்தார்கள். முதல் குச்சி நரசிம்மரில். விலைப்பட்டியலின் ஓரத்தில் அவர் மகன் பேனாவால் பெருக்கிப் பார்த்திருந்தான்.

"இந்தச் சின்ன அட்டையில உனக்கு எவ்வளவு நிக்கும் தம்பி?" என்று கேட்டார்.

தொகையைச் சொன்னேன். பட்டியலை ஒருமுறை பார்த்தார். "இது கம்மிதான்" என்றார். பிறகு, "கட்டுப்படி ஆவலன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல? ரெண்டு ரூபா கூடப் போட்டுக்கன்னு சொல்லியிருப்பேன்."

நான் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தேன். நரசிம்மர், சின்ன அட்டை, 200. எழுதி முடித்ததும் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எண்ணையும் விலையையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். இப்போதும் ஒவ்வோர் ஆடியிலும் ஆல்பத்தை ஒரு ராத்திரி அங்கே வைத்துவிட்டு வருகிறேன், விலைப்பட்டியலோடு. அவர் இன்னும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார்.